உள்ளே மடிந்த பல், வெளியே முளைத்த பல்

பல் சாவதற்கு எல்லோருக்கும் தெரிந்த காரணங்கள் இரண்டு: சொத்தை, அடி. இந்த இரண்டும் இல்லாமல் 12 வயதுப் பிள்ளையின் ஈறில் சீழ்க்கொப்புளம் எழும்பி நின்றால் பெற்றோருக்கு ஒன்றும் விளங்குவதில்லை. "பல்லில் ஓட்டையே இல்லையே டாக்டர், கீழேயும் விழவில்லையே" என்பார்கள். அவர்கள் சொல்வது சரிதான். அப்போது பல் மருத்துவர் தேட வேண்டியது பல் முளைத்த பிறகு வந்த கேட்டை அல்ல. தாடைக்குள் அது உருவாகிக்கொண்டிருந்தபோதே வடிவத்தில் நேர்ந்துவிட்ட பிறழ்வை.

அத்தகைய பிறழ்வுகள் பல உண்டு. இரண்டு பற்கள் ஒட்டிப் பிறக்கும். கடைவாய்ப்பல்லின் உட்கூடம் வேரின் பாதிவரை இறங்கியிருக்கும். வேர்க்குழல்கள் தனித்தனியாக ஓடாமல் ஒன்றோடொன்று இணைந்து ஒரே வளைந்த பிளவாக ஓடும். இவற்றில் எல்லாம் ரூட் கேனால் சிகிச்சை கடினம்தான். ஆனால் செய்யும் வேலையின் தன்மை மாறுவதில்லை. குழலைக் கண்டுபிடி, சுத்தம் செய், அடை என்ற வரிசை அப்படியே நிற்கும். அந்த வரிசையையே கேள்விக்கு உள்ளாக்கும் பிறழ்வுகள் இரண்டு. ஒன்றில் பல்லின் மேற்பரப்பு உள்நோக்கி மடிந்துவிடுகிறது. மருத்துவ நூல்களில் அதற்கு 'டென்ஸ் இன்வேஜினேட்டஸ்' என்று பெயர். மற்றொன்றில் மேற்பரப்பு வெளிநோக்கிப் புடைத்துச் சிறு முளையாக நிற்கிறது. அது 'டென்ஸ் எவேஜினேட்டஸ்'. இங்கே உள்மடிப்புப் பல், முளைப் பல் என்றே சொல்கிறேன்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க நல்ல காரணம் இருக்கிறது. இவை இரண்டைப் பற்றியும் இன்றுவரை எடுத்தாளப்படும் அடிப்படை ஆய்வுகளைச் செய்தவர் ஒரே மனிதர். சிங்கப்பூரில் பணியாற்றிய ஓலெர்ஸ், 1957-இல் உள்மடிப்புப் பல்லை மூன்று வகையாகப் பிரித்து எழுதினார். பத்தாண்டு கழித்து, 1967-இல், தம் சகாக்கள் இருவருடன் சேர்ந்து முளைப் பல்லின் உள்ளமைப்பை ஆராய்ந்து வெளியிட்டார். முளைப் பல் கிழக்காசிய மக்களிடமும், அலாஸ்காவின் பூர்வகுடிகளிடமும் கூடுதலாகக் காணப்படுவது; மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அது அடிக்கடி கண்ணில் பட்டதால் லியோங் என்ற மருத்துவரின் பெயரால் 'லியோங் முன்கடைவாய்ப்பல்' என்றே அழைக்கப்பட்டது. உள்மடிப்புப் பல் அப்படி ஓர் இனத்துக்கோ நாட்டுக்கோ உரியதாகப் பேசப்படுவதில்லை. மனிதப் பல்லில் அதை முதலில் விவரித்தவர் சாக்ரடீஸ் என்ற பெயருடைய பல் மருத்துவர், 1856-இல். அதற்கும் முன்பே, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், திமிங்கிலத்தின் பல்லில் அது காணப்பட்டிருந்தது.

இவை பிறக்கும் விதத்தைப் பார்ப்போம். பல்மொட்டின் வெளிப்பகுதி எனாமலை உண்டாக்கும். அது தழுவி நிற்கும் உள்திசு, எனாமலுக்கு அடியிலுள்ள டென்டினையும் பல்லின் நடுவிலுள்ள உயிர்த்திசுவான பற்கூழையும் தரும். கடினப் பொருள் படிவதற்கு முன்பே இந்த மெல்லிய அடுக்கு உள்திசுவுக்குள் மடிந்து இறங்கினால் உள்மடிப்புப் பல். அதே அடுக்கு, கீழே இருக்கும் திசுவையும் இழுத்துக்கொண்டு வெளியே புடைத்தால் முளைப் பல். ஒரே திரையின் இரு திசை அசைவுகள். ஆனால் எது எதை இழுத்துக்கொண்டு போகிறது என்பதில் பெரிய வேறுபாடு இருக்கிறது. பின்னால் வரும் சிகிச்சை முழுவதும் அதைப் பொறுத்தே அமைகிறது.

உள்மடிப்பில் வெளியுலகம் பல்லுக்குள் போகிறது. சட்டைப் பையை நினைத்துக்கொள்ளலாம். பை சட்டைக்கு உட்புறம் தொங்குகிறது; ஆனால் பைக்குள் இருக்கும் இடம் சட்டைக்கு வெளியேதான் சேர்த்தி, கை உள்ளே போகலாம். அதுபோல மடிப்பின் சுவரை எனாமல் மூடியிருக்கிறது. அதன் வாய், பெரும்பாலும் மேல்தாடைப் பக்க வெட்டுப்பல்லின் பின்புறத்தில், ஒரு சிறு குழியாகத் திறந்திருக்கிறது. எச்சிலும் கிருமிகளும் உள்ளே போய்வருகின்றன. பையின் அடித்தையலில் நூல் இற்றிருப்பதுதான் ஆபத்து. மடிப்பின் அடியில் எனாமல் மிக மெல்லியதாக இருக்கும், அல்லது இல்லவே இல்லாமல் போகும். அங்கிருந்து நுண்ணிய வழிகள் பற்கூழை எட்டும். சொத்தை என்று சொல்லும்படி எதுவும் உண்டாவதற்கு முன்பே கிருமிகள் பற்கூழை அடைந்துவிடும்.

முளையில் நடப்பது நேர்மாறானது. அங்கே பல்லின் உள்ளுலகம் வெளியே வருகிறது. கீழ்த்தாடையின் இரண்டாம் முன்கடைவாய்ப்பல்தான் இதற்கு அதிகம் ஆளாவது. அதன் மெல்லும் பரப்பின் நடுவில் சுமார் 2 மில்லிமீட்டர் அகலமும், சில நேரம் 3.5 மில்லிமீட்டர் வரை உயரமும் கொண்ட ஒரு சிறு கூம்பு நிற்கும். மேலே எனாமல், உள்ளே டென்டின். பெரும்பாலான முளைகளில் டென்டினின் நடுவே பற்கூழின் மெல்லிய நுனி ஒன்று மேலேறி வந்திருக்கும். பல் முளைத்து எதிர்த்தாடைப் பல்லைத் தொட்டதும் முதலில் மோதுவது இந்தக் கூம்புதான். அது தேயும், அல்லது ஒரு நாள் ஒடியும். ஒடிந்தது பிள்ளைக்கே தெரியாது. சாப்பிடும்போது கடிபட்டு உணவோடு போய்விடும். ஒடிந்த இடத்தில் சின்ன வட்டமும் அதன் நடுவில் ஊசிமுனை அளவு ஒரு புள்ளியும் மட்டும் மிஞ்சும். தேடுபவர் கண்ணுக்குத்தான் அது தெரியும்.

நோய் தொடங்கும் வாசல் இரண்டிலும் இப்படிக் கண்ணுக்குத் தப்பும் அளவு சிறியது. ஆனால் வாசலைத் தாண்டிய பிறகு இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள். உள்மடிப்புப் பல்லில் மருத்துவர் திணறுவது இடத்தில்: நோய் எந்த அறையில் இருக்கிறது, அந்த அறைக்கு எப்படிப் போவது என்பதில். முளைப் பல்லில் திணறுவது காலத்தில்: நோய் வந்தபோது வேர் எவ்வளவு வளர்ந்திருந்தது என்பதில். இந்த ஒப்பாய்வில் நான் முன்வைக்கும் கருத்து இதுவே. முன்னதற்கு வரைபடம் வேண்டும், பின்னதற்கு நாட்காட்டி.

ஓலெர்ஸ் பிரித்த மூன்று வகைகளும் உண்மையில் அப்படி ஒரு வரைபடம்தான். முதல் வகையில் மடிப்பு பல்லின் தலைப்பகுதியோடு நின்றுவிடும். இரண்டாம் வகையில் வேருக்குள் இறங்கி ஒரு மூடிய பையாக முடியும். பற்கூழோடு தொடர்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மூன்றாம் வகையில் மடிப்பு வேரை முழுவதும் ஊடுருவிச் சென்று பக்கவாட்டிலோ நுனியிலோ மறுபடி வெளியே திறக்கும். பற்கூழோடு பெரும்பாலும் தொடர்பு இருக்காது. முதல் வகையே அதிகம் காணப்படுவது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: உரிய காலத்தில் பின்புறக் குழியை அடைத்துவிட்டால் போதும், பற்கூழ் செத்திருந்தால் வழக்கமான வேர்க்குழல் சிகிச்சையில் சிறு மாறுதலோடு சமாளிக்கலாம்.

மூன்றாம் வகையில்தான் நின்று பார்க்க வேண்டும். பல் மருத்துவத்தில் ஒரு பழைய நம்பிக்கை உண்டு: வேர் நுனியில் எக்ஸ்ரேயில் கருநிழல் தெரிந்தால் பற்கூழ் செத்துவிட்டது. மூன்றாம் வகை உள்மடிப்பில் இது பொய்த்துப்போகும். மடிப்பின் ஒரு வாய் எச்சிலில், மறுவாய் எலும்பில். கிருமிகள் மடிப்பின் வழியே நேராக இறங்கி வேரைச் சுற்றிய எலும்பை அரிக்கின்றன. பக்கத்தில் தனிச் சுவருக்குள் இருக்கும் பற்கூழோ ஒரு கேடும் இல்லாமல் உயிரோடு இருக்கிறது. குளிர் சோதனை செய்தால் பிள்ளை சட்டென்று கையை உயர்த்தும். படம் செத்த பல் என்கிறது, சோதனை உயிருள்ள பல் என்கிறது. நோயும் உண்மை, உயிரும் உண்மை. இதைப் புரிந்துகொள்ளாத மருத்துவர் படத்தை மட்டும் நம்பிப் பல்லைத் திறந்து நலமான பற்கூழை எடுத்துவிடுவார். நோய் இருந்த மடிப்பைத் தொடாமலேயே விட்டுவிடுவார். கொப்புளம் ஆறாது. பிறகு அறுவை, அதன் பிறகு பல்லைப் பிடுங்குவது என்று அது போகும். வேர்க்குழல் சிகிச்சையில் நேரக்கூடிய பிழைகளில் இதைவிட வருந்தத்தக்கது எனக்குத் தெரிந்து வேறில்லை. குற்றமற்றதைத் தண்டித்து, குற்றமுள்ளதைக் காப்பாற்றிய பிழை அது.

சரியான வழி, மடிப்பையே ஒரு தனிக் குழலாகக் கொண்டு அதை மட்டும் சுத்தம் செய்து அடைப்பது. பற்கூழைத் தொடாமல் விடுவது. சொல்வதற்கு எளிது. இரண்டு அறைகளுக்கும் நடுவே இருக்கும் சுவர் எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்று தெரியாமல் துளையிட முடியாது. தட்டையான சாதாரண எக்ஸ்ரே இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டும். 1990-களின் இறுதியில் பல் மருத்துவத்துக்கு வந்த முப்பரிமாண 'கோன் பீம்' ஸ்கேன் இந்தப் பல்லுக்குப் பேருதவி. மடிப்பு எங்கே தொடங்கி எங்கே திறக்கிறது, பற்கூழ் அதைச் சுற்றி எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்று குறுக்குவெட்டுகளாகப் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்குத் தேவையில்லாமல் கதிர்வீச்சு கொடுக்கக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருப்பவன். ஆனாலும் மூன்றாம் வகை என்று ஐயம் எழுந்தால் அந்தப் பகுதிக்கு மட்டும் சிறிய அளவில் ஸ்கேன் எடுக்காமல் கருவியைக் கையில் எடுப்பது சரியல்ல என்பேன்.

முளைப் பல்லுக்கு இந்த ஆடம்பரம் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. அதன் வேர்க்குழல் அநேகமாக ஒன்றே ஒன்று, நேரானது, அகலமானது. சாதாரண எக்ஸ்ரே போதும். ஆனால் அந்தப் படத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். கீழ்த்தாடை இரண்டாம் முன்கடைவாய்ப்பல் 11 அல்லது 12 வயதில் வாயில் தலைகாட்டும். வேர் முழுமையாகி நுனி மூட இன்னும் ஏறக்குறைய மூன்று ஆண்டு ஆகும். முளை ஒடிவது பெரும்பாலும் இந்த இடைக்காலத்தில். பற்கூழ் செத்த நாளன்று வேரின் வளர்ச்சி நின்றுவிடும். குட்டையான வேர், காகிதம்போல மெல்லிய சுவர், நுனியில் விரிந்து திறந்த வாய். மறுபக்கத்து ஜோடிப் பல்லைப் படமெடுத்தால் அதன் வேர் நீண்டு வளர்ந்திருக்கும். இரண்டின் நீள வேறுபாட்டைக் கொண்டே எப்போது பல் செத்தது என்று ஏறத்தாழக் கணக்கிட்டுவிடலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒரு பல்லை ஐயப்படும்போது மறுபக்கப் பல்லோடு ஒப்பிடு என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். இந்த இரண்டு பிறழ்வுகளும் இருபக்கமும் வருவது சாதாரணம். ஆகவே ஒப்பிட எடுத்த பல்லும் அதே குறையுள்ளதாக இருக்கலாம். வலது பக்கம் சீழ் கட்டிய பிள்ளைக்கு இடது பக்க முளை இன்னும் ஒடியாமல் நிற்கக்கூடும். அதைக் கவனித்து அன்றே பாதுகாக்காமல் வலது பல்லுக்கு மட்டும் வைத்தியம் பார்த்து அனுப்பினால் சில மாதங்களில் அதே பிள்ளை அதே கொப்புளத்தோடு திரும்பி வரும். இன்னொன்று: வேர் முற்றாத பல்லில் நரம்பிழைகள் முழுமையாக வளர்ந்திருக்காது, குளிர் சோதனைக்கும் மின் சோதனைக்கும் அது சரியாகப் பதில் சொல்லாது. உள்மடிப்புப் பல்லில் மருத்துவரைக் காப்பாற்றும் அதே சோதனை முளைப் பல்லில் அவரை ஏமாற்றலாம்.

கருவிகளுக்கு வருவோம். இங்கும் வேறுபாடு கூர்மையானது. வேர்க்குழலைச் சுத்தம் செய்ய நாங்கள் பயன்படுத்தும் ஃபைல்கள் டென்டினைச் சுரண்டுவதற்காகச் செய்யப்பட்டவை. உள்மடிப்பின் சுவரோ எனாமல். உடலிலேயே மிகக் கடினமான பொருள். அதன்மேல் ஃபைல் வழுக்கும். மடிப்பின் வடிவமும் சீரான குழலாக இராது. வாய் குறுகி நடு பெருத்து, மூலைமுடுக்குகளோடு இருக்கும். அதற்குள் பல் உருவான காலத்துத் திசு அழுகிக் கிடந்து கிருமிகளுக்கு உணவாகும். ஆகவே நுண்ணோக்கியின் கீழ் வைரம் பதித்த அல்ட்ராசோனிக் முனைகளால் மெல்ல அகலப்படுத்துவதும், சோடியம் ஹைபோகுளோரைட் கரைசலை அதிரவைத்துக் கழுவுவதும், வாரக்கணக்கில் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தை வைத்து மூடுவதும் அங்கே தேவைப்படும். இரண்டாம் வகையில் பற்கூழும் செத்திருந்தால் சிலர் நடுவில் நிற்கும் மடிப்பையே அல்ட்ராசோனிக் கொண்டு உடைத்து வெளியே எடுத்து இரண்டு அறையையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். அடைக்கும்போதும் குச்சி வடிவ கட்டாபெர்ச்சா என்ற அடைப்புப் பொருளை மட்டும் செருகினால் போதாது. சூடாக்கி இளக்கி மூலைகளுக்குள் அழுத்த வேண்டும்.

முளைப் பல்லில் ஃபைல் தாராளமாகப் போகும், ஆனால் போகக்கூடாது. இருக்கும் சுவரே காகிதம்போல மெல்லியது. அதைச் சுரண்டினால் பல் ஈறின் விளிம்பில் முறியும். கரைசலை வேகமாகச் செலுத்தினால் திறந்த வேர் நுனி வழியாக எலும்புக்குள் பாய்ந்து கடும் வீக்கத்தை உண்டாக்கும். அடைப்பதற்கும் வழியில்லை, தடுத்து நிறுத்த நுனியில் எதுவும் இல்லாததால் அடைக்கும் பொருள் வெளியே போய்விடும். எளிய, நேரான, அகலமான குழல் இருந்தும் வழக்கமான ரூட் கேனால் செய்ய முடியாத பல் இது.

இதற்கு மூன்று தலைமுறை வழிகள் உண்டு. 1960-களில் வந்தது கால்சியம் ஹைட்ராக்சைடு முறை. மாதக்கணக்கில், சில நேரம் ஓராண்டுக்கும் மேலாக, மருந்தை மாற்றி மாற்றி வைத்து வேர் நுனியில் கடினமான ஒரு தடுப்பு உருவாகும்வரை காத்திருப்பது. தடுப்பு உருவாகும், ஆனால் அந்த நீண்ட காத்திருப்பில் டென்டின் வலுவிழக்கிறது என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. 1990-களில் அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் தொராபினெஜாத் உருவாக்கிய எம்.டி.ஏ. என்ற சிமெண்ட் காத்திருப்பைச் சுருக்கியது. நுனியில் 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை அதை வைத்துச் செயற்கைத் தடுப்பாக்கி ஓரிரு முறை வந்தாலே வேலையை முடித்துவிடலாம். ஆனாலும் வேர் நீளாது, சுவர் தடிக்காது. பல் காப்பாற்றப்பட்டாலும் குறைவயதிலேயே நின்றுவிட்ட பல்தான்.

மூன்றாவது வழி இந்த நூற்றாண்டுடையது. 2001-இல் ஜப்பானில் இவாயாவும் சகாக்களும் 13 வயது நோயாளியின் பல் ஒன்றை வழக்கப்படி அடைக்காமல், கிருமிக்கொல்லி மருந்துகளால் தூய்மை செய்துவிட்டுக் குழலைக் காலியாகவே விட்டார்கள். 30 மாதம் கழித்துப் பார்த்தபோது வேர்ச்சுவர் தடித்து நுனி மூடியிருந்தது. 2004-இல் அமெரிக்காவில் பாங்க்ஸும் ட்ரோப்பும் 11 வயதுச் சிறுவனின் பல்லில் மூன்று ஆன்டிபயாட்டிக் கலந்த பசையால் கிருமியைக் கொன்று, வேண்டுமென்றே இரத்தம் கசியவைத்து, அந்த இரத்த உறைவின்மேல் எம்.டி.ஏ. வைத்து மூடி இதேபோன்ற பலனைக் கண்டார்கள். இரண்டிலும் பல் ஒன்றே: கீழ்த்தாடை இரண்டாம் முன்கடைவாய்ப்பல். இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த வயதில் வேர் முற்றாமல் செத்துப்போகும் பின்பற்களைத் தேடினால் அடிக்கடி அகப்படுவது முளை ஒடிந்த இந்தப் பல்தான். மறுஉயிர்ப்பு சிகிச்சை என்று இன்று உலகெங்கும் பேசப்படும் ஒரு துறை வளர்ந்ததில் இந்தச் சின்னப் பல்லுக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்த வெற்றியை மிகைப்படுத்தவும் வேண்டாம். குழலுக்குள் மீண்டும் வளர்வது உண்மையான பற்கூழ் அல்ல. நாய்களின் பற்களில் நடந்த ஆய்வுகளில் உள்ளே வளர்ந்தது வேர்ப்பூச்சான சிமெண்டத்தையும் எலும்பையும் ஒத்த திசு. சில பற்களில் சுவர் தடிக்கிறது, சிலவற்றில் இல்லை. மூன்று மருந்துகளில் ஒன்றான மினோசைக்ளின் பல்லைச் சாம்பல் நிறமாக்கும். பின்பல்லில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். சிரித்தால் தெரியும் பக்க வெட்டுப்பல்லில் முடியாது. வேர் முற்றாத உள்மடிப்புப் பல்லிலும் இந்தச் சிகிச்சை செய்து பார்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் இதன் அடிப்படை நிபந்தனை குழல் கிருமியற்று இருக்க வேண்டும் என்பது. மூலைமுடுக்குகள் நிறைந்த எனாமல் மடிப்பில் அதை உறுதி செய்வது எவ்வளவு கடினம் என்பதை மேலே பார்த்தோம். ஆகவே இந்தப் புதிய வழி முளைப் பல்லுக்குத்தான் இயல்பாகப் பொருந்துகிறது என்பது என் முடிவு.

சிகிச்சையில் இவ்வளவு விலகிப்போகும் இரண்டும் தடுப்பில் மறுபடி அருகில் வருகின்றன. இரண்டையும் நோய் வருவதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம். இரண்டுக்கும் மிகச் சிறிய, வலியில்லாத, செலவு குறைந்த பாதுகாப்பு இருக்கிறது.

மேல் பக்க வெட்டுப்பல் 8 அல்லது 9 வயதில் முளைக்கும். அது கூம்பாகவோ பீப்பாய்போல உருண்டோ வழக்கத்தைவிட அகன்றோ இருந்தால், பின்புறக் குழி ஆழமாகத் தெரிந்தால், ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட வேண்டும். பல்லுக்குள் இன்னொரு பல் இருப்பதுபோல வெண்மையான கோடு தெரிந்தால் அன்றே குழியைச் சுத்தம் செய்து ரெசின் கொண்டு அடைத்துவிடலாம். மூன்றாம் வகையில் இந்த அடைப்பு மட்டும் எப்போதும் போதுமானதல்ல. மறுவாய் வழியாகவும் கேடு வரலாம். ஆனாலும் பெரிய வாசல் மூடப்பட்டுவிடுகிறது.

முளைப் பல்லில் தடுப்பு இதைவிட நுட்பமானது. முளையை ஒரே வீச்சில் மழித்துத் தள்ளுவதுதான் செய்யக்கூடாத காரியம். உள்ளே பற்கூழின் நுனி இருக்கிறது. முளையைச் சுற்றி இளகிய ரெசினை ஊற்றிக் கரை கட்டி இறுக்கிவிடலாம். எதிர்ப்பல்லில் மோதும் இடத்தைச் சற்றுத் தேய்த்துவிடலாம். முளையும் ரெசினும் சேர்ந்து மெல்லத் தேயத் தேய, உள்ளே பற்கூழ் புது டென்டினைப் படியவைத்துக்கொண்டு பின்வாங்கும். இன்னொரு வழி, சில வார இடைவெளிகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து ஃப்ளோரைடு பூசுவது. பற்கூழ் ஏற்கெனவே சற்று வெளிப்பட்டிருந்தாலும் உயிரோடு இருந்தால், மேற்பகுதியை மட்டும் நீக்கி எம்.டி.ஏ. வைத்து மூடலாம், தொராபினெஜாத் உள்ளிட்ட குழு முளைப் பற்களில் இதை 2001-இல் விவரித்திருக்கிறது. எந்த வழியாக இருந்தாலும் நோக்கம் ஒன்றே: வேர் வளர்ந்து முடிய வேண்டிய இரண்டு மூன்று ஆண்டு பற்கூழ் உயிரோடு இருக்க வேண்டும். 14, 15 வயதுக்குப் பிறகு அதற்கு ஏதாவது நேர்ந்தாலும் முற்றிய வேரில் சாதாரண ரூட் கேனால் செய்துவிடலாம். அதற்கு முன் நேர்ந்தால் இவ்வளவு கதையும்.

இரண்டில் எது கொடியது என்று கேட்டால் கருவி பிடிக்கும் கைக்கு உள்மடிப்புப் பல்தான் கடினம். மூன்றாம் வகை ஒன்றை வெற்றியாக முடிப்பது நுண்ணோக்கியும் ஸ்கேனும் பொறுமையும் உள்ள வேர்சிகிச்சை நிபுணரின் வேலை. ஆனால் எது அதிகம் வீணாகப் போகிறது என்று கேட்டால் தயங்காமல் முளைப் பல்லைச் சொல்வேன். உள்மடிப்பு மறைந்திருப்பது, எக்ஸ்ரே இல்லாமல் முழுவதும் தெரியாது. முளையோ வாயைத் திறந்தாலே வெளியில் நிற்கிறது. விளக்கும் கண்ணாடியும் இருந்தால் போதும். அதைப் பார்க்காமல் விட்டு 12 வயதில் பல்லைப் பிடுங்கினால், தாடை வளர்ச்சி முடியும்வரை அங்கே இம்பிளாண்ட் வைக்கவும் முடியாது. பிள்ளை பல ஆண்டு இடைவெளியோடோ கிளிப் போட்டுக்கொண்டோ காலம் தள்ள வேண்டும்.

சக மருத்துவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சொத்தையில்லாத பல்லில் சீழைப் பார்த்தால் துளைக்கும் கருவியை எடுப்பதற்கு முன் குளிர் சோதனை செய்யுங்கள், மறுபக்கப் பல்லைப் பாருங்கள், வேரின் நீளத்தை அளந்து பாருங்கள். பள்ளி முகாம்களில் பிள்ளைகளின் வாயைப் பார்க்கும்போது சொத்தைக் கணக்கோடு நிறுத்திவிடாமல் கீழ் முன்கடைவாய்ப் பற்களின் நடுப்பரப்பையும் மேல் பக்க வெட்டுப் பற்களின் பின்புறத்தையும் ஒரு கணம் பாருங்கள்.

பெற்றோருக்கும் சொல்கிறேன். பிள்ளைக்கு 8, 9 வயதில் ஒரு முறையும், 11, 12 வயதில் ஒரு முறையும், வலி இல்லாவிட்டாலும் பல் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். புதிதாக முளைத்த பல்லின் நடுவில் கூர்மையாக ஏதோ நிற்கிறது என்று பிள்ளை சொன்னால் தானாகத் தேய்ந்துவிடும் என்று விட்டுவிடாதீர்கள். அந்த வாரமே காட்டிவிடுங்கள்.